டப்பாவுக்குள் போனவர்கள்

பட்டாளத்தில் இருபத்திரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவன் நான். ஹவில்தார் மாசானமுத்து. பனியில் நின்றிருக்கிறேன், பாலைவனத்தில் கிடந்திருக்கிறேன், ஒரு நாளும் முதுகைக் காட்டியதில்லை. ஆனாலும் எங்கள் ஊர் செங்காட்டுமேட்டில் என் வீட்டுக்கு வழி கேட்டால் இன்றைக்கும் இப்படித்தான் சொல்வார்கள்: "ஓட்டக்காரன் வீடா? அந்தா, வேப்பமரத்துக்கு அடுத்தாப்ல."

இருநூறு வருஷத்துக்கு முந்தி வெள்ளைக்காரப் படை பீரங்கியோடு வந்து எங்கள் ஊர் மண்கோட்டையை அடித்ததாம். அப்போது கோட்டையை விட்டு ஓடிப்போனவர் என் முப்பாட்டனுக்கும் முப்பாட்டன். ஓடினது அவர் ஒருத்தர், ஏழு தலைமுறையாக மூச்சு வாங்குவது நாங்கள்.

கோட்டைவாசல் மாடன் கோயில் கொடைத் திருவிழாவில், அன்றைக்குச் சண்டை போட்ட வீடுகளை ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, தலையில் பரிவட்டம் கட்டித் திருநீறு கொடுப்பார்கள். எங்கள் வீடு கடைசி. பரிவட்டம் கிடையாது, திருநீறு மட்டும்தான். அதற்கும் முன்னால் எங்கள் வீட்டு மூத்த ஆண்பிள்ளை, பனங்காட்டு ஓரத்துக் குட்டையிலிருந்து மூன்று கடவம் மண் சுமந்துவந்து கோட்டைமேட்டின் தெற்குச் சரிவில் கொட்ட வேண்டும். கடவம் என்றால் பனையில் முடைந்த பெரிய கூடை. ஈர மண்ணை நிரப்பித் தலையில் ஏற்றினால் கழுத்து தோளுக்குள் போய்விடும். ஓடினதுக்கு அபராதம் என்பார்கள்.

என் அப்பா சுமந்ததைப் பார்த்திருக்கிறேன். பார்த்துச் சிரித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். பதினெட்டு வயதில் நான் பட்டாளத்துக்குப் போனதே அந்தச் சிரிப்பு பொறுக்காமல்தான். இப்போது அப்பா இல்லை. நாலு வருஷமாக நான் சுமக்கிறேன்.

பொன்சீலி டீச்சர் எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியில் சரித்திரம் எடுக்கிறவர். பாளையங்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறார். என்னைவிடப் பதிமூன்று வயது இளையவர். எறும்பை மிதித்தால்கூட மனசு வருத்தப்படுகிற ஆள், போர் விளையாட்டில் மட்டும் எமன். சனிக்கிழமை மத்தியானம் ரெண்டு மேசையைச் சேர்த்துப் போட்டு, மணல் பரப்பி, விரல் உயரத்தில் ஈயச் சிப்பாய்களை நிறுத்துவார். ஸ்கேல் வைத்து அளந்து நகர்த்த வேண்டும். பகடை போட்டுச் சுட வேண்டும். நான் நிஜச் சண்டையைப் பார்த்தவன். அவரிடம் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை.

அதனால் குரு அவர், சீடன் நான். இதில் வயசு என்ன வேண்டிக்கிடக்கிறது?

அவரிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைக் கேட்டாலும் வாயால் பதில் சொல்ல மாட்டார். "போட்டுப் பாருங்க அண்ணாச்சி" என்பார், அவ்வளவுதான்.

இந்த வருஷம் பள்ளிக்கூடத்துக்கு நூறாவது ஆண்டு விழா. எங்கள் ஊர்க் கோட்டைச் சண்டையை மேசையில் போட்டு ஊருக்கே காட்டுவது என்று முடிவானது. அந்தப் பொறுப்பை டீச்சர் என்னிடம் கொடுத்தார். செய்தி டீக்கடைக்குப் போவதற்குள் கோயில் கமிட்டித் தலைவர் பலவேசத்தின் காதுக்குப் போய்விட்டது.

"ஓட்டக்காரன் வீட்டுக்காரன் சண்டை போட்டுக் காட்டப் போறானாம்ல!" என்றார், என் காதில் விழும்படி. "எப்படி ஓடுனான்னும் சேத்துக் காட்டுவானா?"

டீக்கடையே சிரித்தது. நான் கிளாஸை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு விதிப் புத்தகம். கடல் தாண்டி ஏதோ ஒரு குளிர் தேசத்துக்காரர் எழுதியது. அவர்கள் ஊர்ச் சண்டை புல்வெளியில் நடக்கும். ரெண்டு படையும் கொட்டடித்து வரிசையாக வந்து, எதிரும் புதிருமாக நின்று சுட்டுக்கொள்ளும். அந்த விதிகளை எங்கள் சண்டைக்கும் எங்கள் மண்ணுக்கும் மாற்ற வேண்டும். ரெண்டு மாதம் உட்கார்ந்து ஒரு நோட்டு முழுக்க எழுதினேன். அவர்களுடைய துப்பாக்கிப் படை இருந்த இடத்தில் எங்கள் வேல்கம்புக்காரர்களைப் போட்டேன். கொட்டுக்குப் பதில் தவில். புல்வெளிக்குப் பதில் செம்மணல் தேரிக்காடு.

ஒரு விதிதான் என்னைக் கொன்றது. ஒரு கூட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆள் விழுந்தால் பகடை போட வேண்டும். ஒன்றோ ரெண்டோ விழுந்தால் மிச்ச ஆள்கள் ஓடிவிடுவார்கள். ஓடினவர்களை எடுத்து டப்பாவில் போட்டுவிட வேண்டும். டப்பா என்பது டீச்சரின் பழைய பிஸ்கட் டப்பா. ஒரு படையில் பாதிக்கு மேல் டப்பாவுக்குள் போனால் தோல்வி, சண்டை முடிந்தது.

சனிக்கிழமை நோட்டை டீச்சர் முன்னால் வைத்தேன்.

"முடிச்சிட்டேன் டீச்சர்."

"போட்டுப் பாத்தீங்களா?"

"பதினோரு தடவை. பதினோரு தடவையும் மத்தியானத்துக்குள்ள நம்ம ஆளுக ஓடிட்டாவ."

"பிறகு?"

"பிறகென்ன, ஆத்திரம் வந்துட்டு. நம்ம ஆளுகளுக்கு மட்டும் பகடையில ரெண்டு ரெண்டு கூட்டிட்டேன்."

"ரெண்டு எதுக்கு?"

"வீரத்துக்கு."

டீச்சர் நோட்டைப் புரட்டினார். அந்தப் பக்கம் வந்ததும் நிறுத்தினார். மூணு வருஷப் பழக்கத்தில் அவர் முகம் சிவந்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"இப்ப என்ன ஆகுது?"

"இப்ப ஒருத்தனும் ஓடல. வெள்ளைக்காரன் மத்தியானத்துக்குள்ள காலி. பீரங்கி நம்ம கையில!"

"அப்படியா? அந்தக் கோட்டை இப்ப எங்க இருக்கு அண்ணாச்சி?"

எங்கே இருக்கிறது? ஆடு மேய்கிற மேடு அது.

"உங்க கொடை வில்லுப்பாட்டுல கோட்டை எத்தனை நாள் நின்னதா பாடுறாங்க?"

"ஒன்பது நாள்."

"அந்தப் புத்தகப்படி போட்டா?"

"அரை நாள்."

"நீங்க ரெண்டு கூட்டிப் போட்டா?"

"அதுவும் அரை நாள்தான்."

"இதையா நானூறு பிள்ளைங்க முன்னாடி காட்டப் போறீங்க? பொய் சொல்றதுக்கு எதுக்கு இவ்வளவு மணல், இவ்வளவு பகடை? மேடையில ஏறி மைக்கைப் பிடிச்சே சொல்லிரலாமே!"

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"அந்த ஊர்க்காரன் எழுதினா சரித்திரம், நான் எழுதினா பொய்யா? அவன் எங்க ஊரைக் கண்டானா? எங்க ஆளுகளைக் கண்டானா? மூணுல ஒருத்தன் விழுந்தா மிச்சவன் ஓடிருவான்னு எங்களைப் பத்திச் சொல்ல அவன் யாரு?"

"அவர் உங்களைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. அவர் ஊர் ஆளுங்களைப் பத்திச் சொன்னார். பேரை அழிச்சிட்டு உங்க பேரை எழுதினது நீங்க."

"அப்ப சரியான எண்ணு எது? ரெண்டா? ஒண்ணா? சைபரா? சொல்லுங்க டீச்சர், அதை எழுதிட்டுப் போறேன். இந்தத் தடவையாவது வாயைத் திறந்து சொல்லுங்க."

டீச்சர் நோட்டை மூடினார்.

"கூட்டினதை அடிச்சிட்டு, மேசையில போடுங்க."

கோபத்தோடேயே போட்டேன். கோபமாக இருந்தாலும் என் ஊர் எனக்கு அத்துப்படி. நடுவில் மணலைக் குவித்துக் கோட்டை. தெற்கே பாதை, அதில் பீரங்கி. கோட்டைமேடு இன்றைக்கும் தெற்கேதான் சரிந்து கிடக்கிறது, அடி விழுந்த இடம் அது. மேற்கே விளக்குமாற்றுக் குச்சியைக் குத்திப் பனங்காடு. அதற்குள் தீப்பெட்டியால் குடிசைகள், ஏனென்றால் கோட்டைக்குள் குடியிருந்தவர்கள் கொஞ்சம்பேர்தான், மற்ற எல்லாருக்கும் வீடு பனங்காட்டில். ஓரத்தில் நீலக் காகிதம் ஒட்டிக் குட்டை.

ஆரம்பித்தோம். வெள்ளைக்காரப் படை டீச்சருக்கு, கோட்டை எனக்கு. ஆறு சுற்று ஆடினால் ஒரு பகல். ரெண்டாம் சுற்றிலேயே பீரங்கி தெற்குச் சுவரைப் பெயர்த்துவிட்டது. டீச்சர் விரலால் மணலைத் தள்ளி ஓட்டை போட்டார். மூன்றாம் சுற்றில் அந்த ஓட்டைக்கு உள்ளே நின்ற பன்னிரண்டு பேரில் நாலு பேர் விழுந்தார்கள். பகடையை உருட்டினேன்.

ரெண்டு.

"பாத்தியளா?" என்றேன். "பன்னிரண்டாம் தடவை!"

மிச்சம் எட்டுப் பேரையும் வாரி எடுத்தேன். டப்பாவைத் திறந்தேன். டீச்சர் டப்பாவின் வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

"எங்க கொண்டு போறீங்க?"

"டப்பாவுக்கு. ஓடிட்டாவல்லா."

"இந்த டப்பா எந்த ஊரு?"

"என்ன டீச்சர், நான் வெந்துபோய் நிக்கேன், நீங்க விளையாடுதியளா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. புத்தகம் எழுதினாரே, அவர் ஊர்ச் சிப்பாய் ஓடினா எங்க போவான்?"

யோசித்தேன். பட்டாளத்துக்காரனுக்கு அது தெரியாதா? "வீட்டுக்குப் போவான். வீடு ஒரு மாச நடை. அந்தச் சண்டைக்கு இனி அவன் இல்ல."

"அதான் அவர் டப்பாவுல போடச் சொன்னார். நம்ம ஆளு?"

நான் கையிலிருந்த எட்டுப் பேரைப் பார்த்தேன். பிறகு தீப்பெட்டிக் குடிசைகளைப் பார்த்தேன்.

"அளந்து பாருங்க."

ஸ்கேலை வைத்தேன். கோட்டைச் சுவரிலிருந்து முதல் குடிசைக்கு ஒரு சாண். ஒரு சுற்றுக்குள் நடந்துவிடலாம்.

"அங்க வைங்க."

எட்டுப் பேரையும் பனங்காட்டில் வைத்தேன். டீச்சர் கையை எடுத்தார். ஆட்டம் நிற்கவில்லை. டப்பா காலியாக இருந்ததால் நிறுத்தச் சொல்ல விதியில்லை. அடுத்த சுற்றில் என் இன்னொரு கூட்டமும் ஓடிப் பனங்காட்டுக்குப் போனது. ஐந்தாம் சுற்றில் டீச்சருடைய ஆள்கள் ஆறு பேர் விழுந்து, பகடையும் அவரைக் கைவிட்டது.

"இவங்களை எங்க வைக்க?" என்று என்னையே கேட்டார்.

"அவிய ஊரு இந்த மேசையில இல்லையே டீச்சர்."

"அப்ப டப்பா" என்று சொல்லி, தன் சிப்பாய்களைத் தானே உள்ளே போட்டார்.

ஆறாம் சுற்று முடிந்தது. இருட்டினால் சுடக்கூடாது என்பது புத்தகத்திலேயே இருக்கிறது. கோட்டைக்குள் என் ஆள்கள் ஒன்பது பேர்தான் மிச்சம். தெற்குச் சுவரில் அந்த ஓட்டை ஆவென்று வாயைப் பிளந்து கிடந்தது. விடிந்தால் அதன் வழியாகத்தான் வருவார்கள்.

டீச்சர் பனங்காட்டைக் காட்டினார். "பொழுது அடைஞ்சாச்சு. இப்ப இவங்க என்ன செய்றாங்க?"

"நான் என்னத்தைக் கண்டேன்?"

"பட்டாளத்துல இருந்தது நானா, நீங்களா?"

அந்தக் கேள்வி தைத்தது. ஒரு தடவை எல்லையில், எங்கள் ஆள்கள் ஒரு மேட்டை விட்டு இறங்கி வந்திருக்கிறார்கள். அவர்கள் முகத்தை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

"தண்ணி குடிப்பாவ" என்றேன். "ஒருத்தரும் பேச மாட்டாவ. கஞ்சி குடுத்தா குடிப்பாவ. கை நடுக்கம் நிக்கக் கொஞ்ச நேரம் ஆகும்."

"நின்ன பிறகு?"

"அண்ணன் தம்பியெல்லாம் உள்ள கிடக்கானே. திரும்பிப் போவாவ."

"வெறுங்கையோடவா?"

நான் மேசையைப் பார்த்தேன். பனங்காடு, அதன் ஓரத்தில் குட்டை, தெற்குச் சுவரில் ஓட்டை. எல்லாம் நான் வைத்ததுதான். நான் ஒன்றும் நினைக்கவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். என் கை அதுபாட்டுக்குப் போனது. நீலக் காகிதத்தின் ஓரத்திலிருந்து ஒரு பிடி மணலை எடுத்து ஓட்டையில் போட்டேன். இன்னொரு பிடி. இன்னொரு பிடி. கை நின்றுவிட்டது.

ஓட்டை முக்கால்வாசி அடைந்திருந்தது.

"இன்னும் கொஞ்சம் இருக்கே அண்ணாச்சி" என்றார் டீச்சர். "ஏன் மூணோட நிறுத்திட்டீங்க?"

மணல் ஒட்டின கையோடு நின்றேன். நாலு கொடைக்கு நான் சுமந்த வழி மேசையில் கிடந்தது. அதே குட்டை, அதே சரிவு. அதற்கு முன்னால் அப்பா, அதற்கும் முன்னால் தாத்தா. வருஷம் தவறாமல், கழுத்து ஒடிய, ஊர் சிரிக்க!

அப்போது வந்தது பாருங்கள் ஒரு கோபம். அது பகடைமேல் வந்த கோபம் இல்லை. பலவேசத்தின்மேல் வந்தது, ஊர்மேல் வந்தது. அப்பா மண் சுமந்துகொண்டு எதிரே வந்த அன்றைக்கு, அவர் பிள்ளை இல்லை என்பதுபோல வேறு பக்கம் திரும்பி நின்றேனே, என்மேல்தான் எல்லாவற்றுக்கும் மேலாக வந்தது. மேசையை ஓங்கி அறைந்தேன். சிப்பாய்கள் சாய்ந்தார்கள்.

"அபராதம்னு சொன்னானுவளே டீச்சர்! ஓடினவன் எதுக்கு ஓட்டையை அடைக்கணும்? ஓடினவன் எதுக்கு மண்ணைச் சுமந்துக்கிட்டுத் திரும்பி வரணும்? எங்க அப்பா செத்துப்போற வரைக்கும் தலை நிமிந்து கோயிலுக்குள்ள போகலையே! அபராதம்னு எந்தப் பாவி சொன்னான்?"

"யாரு சொன்னா?"

"பரிவட்டம் கட்டிக்கிட்டவன் சொன்னான்!"

டீச்சர் சாய்ந்த சிப்பாய்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைத்தார். நான் மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டேன். ஐம்பது வயசு தாண்டின ஆள், வெட்கமாகத்தான் இருந்தது.

"அப்ப எங்க பாட்டன் ஓடலதான டீச்சர்?"

"ஓடினார்" என்றார். "பகடை போட்டது நீங்கதான அண்ணாச்சி."

அவர் ஆமாம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். ஆறுதலுக்காவது சொல்லக்கூடாதா? அவர் ஸ்கேலை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"ரெண்டாம் நாள். ஆடுங்க."

ஆடினோம். பகலில் சுவர் இடிந்தது, பொழுது அடைந்ததும் ஏறியது. என் ஆள்கள் ஓடினார்கள், வந்தார்கள், மறுபடியும் ஓடினார்கள், மறுபடியும் வந்தார்கள். வர வர ஆள் குறைந்தது. டீச்சருடைய டப்பா நிறைந்துகொண்டே வந்தது, ஆனால் அவர் பக்கம் புது ஆள் வரப் பாதை திறந்தே கிடந்தது. கடைசி பஸ்ஸுக்கு அரை மணி இருக்கும்போது கோட்டை விழுந்தது. எட்டாம் நாள் சாயங்காலம், பாட்டுக்கு ஒரு நாள்தான் குறைவு. பனங்காட்டில் அப்போது ஒரு ஆள்கூட இல்லை. எல்லாரும் சுவருக்கு உள்ளேதான் கிடந்தார்கள்.

நான் நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தை எடுத்தேன். பேனாவைத் திறந்தேன்.

"வெள்ளிக்கிழமை விழா. பலவேசம் முதல் வரிசையில உக்காந்திருப்பாரு" என்றேன். "நான் இதுல என்ன எழுதட்டும் டீச்சர்? எத்தனை கூட்டட்டும்?"

டீச்சர் பிஸ்கட் டப்பாவை மூடித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"என் ஆளுங்களுக்கு டப்பாவை நான் கொண்டு வாறேன், அண்ணாச்சி. உங்க ஆளுங்களுக்கு நீங்க உங்க வீட்டுக் கடவத்தைக் கொண்டு வாங்க."